ரோமில் வெடித்த கோபம்

குழந்தைகளின் தலையில் கத்தி வைத்தவர்கள் – வரலாற்றுத் தொடர், பகுதி 9

போன பகுதியில் பார்த்த குழந்தைகளுக்குத் தலைக்குள் நீர் கோத்துக்கொண்டு மண்டையோடு விரிந்துகொண்டே போனது. இந்த முறை நேர் எதிர். மண்டையோடு விரிய மறுக்கிறது. அல்லது, விரிய மறுக்கிறது என்று மருத்துவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பது உறைக்க ஒரு தலைமுறை பிடித்தது. அதற்குள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ குழந்தைகள் மேசையிலேயே இறந்துபோனார்கள்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. நெற்றிக்கு இரண்டு, உச்சியின் இரு பக்கமும் இரண்டு, பிடரிக்கு ஒன்று என்று தனித்தனித் தகடுகள். தகடுகளுக்கு நடுவே நார்த்திசு நிரம்பிய கோடுகள் ஓடுகின்றன. உடற்கூறியலில் அவற்றுக்குத் தையல்கள் என்று பெயர். முன்பக்கம் நான்கு தகடுகள் கூடும் இடம்தான் நம் வீடுகளில் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி. பிரசவத்தின்போது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிக்கொண்டு தலை குறுகி வெளிவர வழிவிடுகின்றன. அதன் பிறகுதான் பெரிய வேலை. பிறக்கும்போது 350 முதல் 400 கிராம் இருக்கும் மூளை, முதல் பிறந்தநாளுக்குள் அதன் இரண்டு மடங்கைத் தாண்டிவிடுகிறது. அது உள்ளிருந்து தள்ளத் தள்ளத் தையல்களின் ஓரத்தில் புது எலும்பு படிந்து தகடுகள் அகன்று கொடுக்கின்றன. உச்சிக்குழி பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும். நெற்றியின் நடுத்தையல் முதல் ஆண்டிலேயே மூடும். மற்றவை முழுக்க எலும்பாகக் கெட்டிப்பட நடுவயதுவரைகூட ஆகலாம்.

மூளை தள்ளுவதால் மண்டையோடு வளர்கிறது என்பது இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. 19ஆம் நூற்றாண்டில் அது அவ்வளவு தெளிவாக இல்லை. குழந்தையின் தலை சிறியதாக இருக்கிறது, உச்சிக்குழி சீக்கிரமே மூடிவிட்டது, குழந்தைக்கு நடக்கவும் பேசவும் வரவில்லை. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கும் ஒருவர், ஓடு மூடிக்கொண்டதால்தான் மூளை வளரவில்லை என்று முடிவுகட்டுவது மிக இயல்பு. மூளை வளராததால்தான் ஓடு மூடிக்கொண்டது என்று புரட்டிப் பார்க்கத் தனியாக ஒரு காரணம் வேண்டும்.

இந்த யோசனைக்கு அறிவியல் மதிப்பைத் தந்தவர் சாதாரண ஆள் இல்லை. ருடால்ஃப் ஃபிர்க்கோ. 1848இல் பெர்லின் தெருக்களில் தடுப்பரண் கட்டியவர்களோடு நின்றதற்காக வேலையை இழந்து, அடுத்த ஆண்டு வுர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தவர். சுற்றுவட்டாரமான ஃபிராங்கோனியாவில் கிரெட்டினிசம் என்ற வளர்ச்சிக் குறைபாடு பரவலாக இருந்தது. அயோடின் பற்றாக்குறையால் வருவது என்று இன்று தெரியும், அன்று தெரியாது. ஃபிர்க்கோ மண்டையோடுகளைச் சேகரித்து அளந்தார். 1851இல் அவர் வெளியிட்ட விதி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது: ஒரு தையல் முன்கூட்டியே மூடினால், அந்தத் தையலுக்குக் குறுக்காக ஓடு வளர முடியாது; ஈடுகட்டும் வகையில் தையலின் போக்கிலேயே நீளும். உச்சியில் முன்னும் பின்னுமாக ஓடும் நடுத்தையல் மூடினால் தலை அகலம் குறைந்து படகைப்போல நீளும். காதிலிருந்து காதுவரை குறுக்கே ஓடும் தையல் இரு பக்கமும் மூடினால் நீளம் குறைந்து மேல்நோக்கி எழும்பும். ஒரு பக்கம் மட்டும் மூடினால் நெற்றி கோணலாகும்.

வடிவங்களைப் பற்றிய இந்த விதி பெருமளவு சரி. சிக்கல் அதன் வாலில் இருந்தது. ஓடு மூடுவதால் மூளையின் வளர்ச்சியும் தடைபடும் என்ற கருத்தும் அதோடு சேர்ந்தே பரவியது. படகுத் தலைக்கும் கோபுரத் தலைக்கும் சொன்னதை, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சிறுத்திருக்கும் தலைக்கும் பொருத்திப் பார்த்தார்கள். சிறுதலை என்கிற மைக்ரோசெபாலி இந்தக் கதைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

1888 ஆகஸ்ட்டில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தாய் தன் 9 மாதக் குழந்தையோடு லெவி கூப்பர் லேன் என்ற அறுவை மருத்துவரிடம் வந்தார். பூட்டிக் கிடக்கும் என் பிள்ளையின் மூளையைத் திறந்து வளரவிட முடியாதா என்ற பொருளில் அவர் கெஞ்சியதாக லேன் பின்னர் எழுதினார். லேன் தன் தாய்மாமன் நினைவாகக் கூப்பர் மருத்துவக் கல்லூரியைச் சொந்தப் பணத்தில் கட்டியவர், ஊரில் பெரிய பெயர். அறுவை செய்தார். 14 மணி நேரத்தில் குழந்தை இறந்தது. மயக்க மருந்தே காரணம் என்று அவர் கருதினார். நான்கு ஆண்டுகள் இதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை. 1892இல், பாரிஸிலிருந்து வந்த இன்னொரு செய்தி உலகமெங்கும் பேசப்பட்ட பிறகு, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை போட்டார். தலைப்பிலேயே தன் அறுவையை முன்னோடி என்று சொல்லிக்கொண்டார். இறந்த குழந்தையை வைத்து முதலிடத்துக்கு உரிமை கோருவது இன்று படிக்க என்னவோபோல் இருக்கிறது. அன்றைய மருத்துவ இதழ்களைப் புரட்டினால் அது வழக்கம்தான் என்று தெரியும்.

பாரிஸ் செய்தி ஒடிலோன் லான்லோங்குடையது. ட்ரூசோ குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர். அரசியல் தலைவர் காம்பெத்தாவின் கடைசி நோயின்போது உடனிருந்து கவனித்தவர்களில் ஒருவர். வெறிநாய்க்கடியில் இறந்த குழந்தையின் எச்சிலைப் பாஸ்டர் தன் சோதனைக்கு எடுத்தது இவருடைய வார்டிலிருந்துதான். போலி மருத்துவர் என்று ஒதுக்கிவிட முடியாத மனிதர். அதனால்தான் அவர் சொன்னது எடுபட்டது. 1890இல் நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் செய்த அறுவையைப் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியில் அறிவித்தார். உச்சியின் நடுக்கோட்டுக்கு அடியில் பெரிய சிரை ஒன்று ஓடுகிறது; அதைத் தொட்டால் இரத்தம் பீறிடும். எனவே நடுக்கோட்டை விட்டு விலகி, அதற்கு இணையாக முன்னிருந்து பின்னாக எலும்பில் ஒரு நீண்ட குறுகிய பட்டையை வெட்டி எடுத்தார். மூளையுறையைத் திறக்கவில்லை. ஓட்டில் வாய்க்கால் வெட்டிவிட்டால் மூளை அந்தப் பக்கம் விரிந்துகொள்ளும் என்பது அவர் கணக்கு.

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளில் இந்த அறுவை ஒரு மோஸ்தரானது. பிலடெல்பியாவில் வில்லியம் கீன் செய்தார். அதிபர் கிளீவ்லாந்தின் வாய்ப் புற்றை உல்லாசப் படகு ஒன்றில் இரகசியமாக வெட்டி எடுத்த குழுவில் பின்னர் இருந்த அதே கீன். லண்டனில் மூளை அறுவையின் தந்தைகளில் ஒருவரான விக்டர் ஹார்ஸ்லி செய்தார். இவர்களைப் பார்த்து, பெயர் தெரியாத பலரும் செய்தார்கள். லிஸ்டரின் கார்பாலிக் கிருமிநீக்க முறை வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. தலையைத் திறந்தால் சீழ் வைத்துச் சாவு நிச்சயம் என்ற பழைய பயம் போய்விட்டது. பயம் போன வேகத்துக்கு அறிவு வரவில்லை.

பெற்றோர் தரப்பையும் பார்க்க வேண்டும். அன்று இந்தக் குழந்தைகளுக்கு இடியட் என்பது மருத்துவச் சீட்டில் எழுதும் நோய்ப்பெயர். காத்திருந்தது காப்பகம் ஒன்றுதான். மண்டையோடுதான் தடை, அதை வெட்டிவிட்டால் பிள்ளை பேசும் என்று பேராசிரியரே சொல்லும்போது எந்தத் தாய் மறுப்பார்? அறுவைக்குப் பின் குழந்தை அழுவது குறைந்திருக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது, பொம்மையைப் பிடிக்கிறது என்று அறிக்கைகள் வந்தன. பலவும் சில வாரங்களில், சில மாதங்களில் எழுதியவை. வளரும் குழந்தை சில மாதங்களில் அறுவை இல்லாமலும் ஏதாவது ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்பதைக் கழித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

இறந்தவர்கள் ஏன் இறந்தார்கள் என்பது எளிய கணக்கு. ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் ஓடும் மொத்த இரத்தம் சுமார் 400 மில்லி. இரண்டு டம்ளர்கூடத் தேறாது. உச்சந்தலைத் தோலும் மண்டை எலும்பின் நடுப்பகுதியும் தாராளமாக இரத்தம் கசியும் இடங்கள். பெரியவர் ஒருவருக்குப் பொருட்டே இல்லாத 100 மில்லி போனால், இந்தக் குழந்தைக்குக் கால் பங்கு போய்விட்டது. ஈடாக இரத்தம் ஏற்ற அன்று பாதுகாப்பான வழி இல்லை. இரத்தப் பிரிவுகளை லேண்ட்ஸ்டெய்னர் அறிவித்தது 1901இல்தான். குளோரோஃபார்மும் உடல் சூட்டு இழப்பும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

முதல் கடுமையான மறுப்பு பாரிஸிலேயே எழுந்தது. பிசெத்ர் மருத்துவமனையில் இத்தகைய குழந்தைகளோடு தினமும் வாழ்ந்த தெசிரே-மக்ளுவார் பூர்னவீல், இறந்துபோன சிறுதலைக் குழந்தைகளின் ஓடுகளை எடுத்துக் காட்டினார். தையல்கள் பெரும்பாலும் மூடியிருக்கவே இல்லை! வெட்டித் திறக்க வேண்டிய பூட்டே அங்கு இல்லை. இந்தக் குழந்தைகளுக்குத் தேவை கத்தி அல்ல, பொறுமையான பயிற்சியும் கல்வியும் என்று அவர் வாதாடினார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். ஆனால் அவர் எழுப்பிய குரல் மருத்துவ உலகின் மூலைமுடுக்கெல்லாம் போகவில்லை. அதற்கு இன்னொருவர் கத்த வேண்டியிருந்தது.

ஆபிரகாம் ஜேக்கபி வெஸ்ட்ஃபேலியாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1830இல் பிறந்தவர். ஃபிர்க்கோவைப் போலவே 1848 புரட்சியின் பிள்ளை. கொலோனில் நடந்த கம்யூனிஸ்ட் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்று, சிறையில் கிடந்து, வெளியே வந்ததும் இங்கிலாந்தில் மார்க்ஸையும் எங்கெல்ஸையும் பார்த்துவிட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். 1860இல் நியூயார்க்கில் குழந்தைகளுக்கென்றே ஒரு கிளினிக்கைத் தொடங்கினார். அமெரிக்கக் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று அவரைச் சொல்வது இதனால்தான். அவர் மனைவி மேரி பட்னமும் புகழ்பெற்ற மருத்துவர். 1883இல் இவர்களுடைய ஏழு வயது மகன் டிப்தீரியாவில் இறந்தான். டிப்தீரியா ஜேக்கபியின் சிறப்புத் துறை. மருத்துவத்தால் ஆகாதது என்னவென்று அந்த வீட்டுக்குத் தெரியும்.

1894 வசந்தத்தில் ரோமில் பதினோராவது சர்வதேச மருத்துவ மாநாடு கூடியது. ஜேக்கபி எடுத்துக்கொண்ட தலைப்பு இலத்தீனில் இரண்டே சொல்: தீங்கு செய்யாதே. அறுவை செய்யப்பட்ட 33 குழந்தைகளின் கணக்கை எடுத்து வைத்தார். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்திருந்தார்கள். அதன் பிறகு அவர் பேசியது மருத்துவ மாநாட்டு மேடைகளில் கேட்கக் கிடைக்காத மொழி. கிருமி நீக்க முறைகள் வந்துவிட்ட தைரியத்தில், மூளை செய்ய வேண்டிய வேலையைக் கைகள் செய்யத் தொடங்கிவிட்டன என்றார். வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கார்பாலிக்கில் தோய்ந்த கத்தியைச் சுழற்றினால் புகழ் வந்துவிடுமா, தாக்குதலுக்கு ஆளான குழந்தை சாகாமல் தப்பியதை வெற்றி என்று பறைசாற்றலாமா என்று கேட்டார். கடல் நிறைய சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தாலும் அந்தக் கைகளின் கறை போகாது, எந்தக் கிருமிநாசினியும் அந்த ஆன்மாக்களைச் சுத்தம் செய்யாது என்று சபித்தார். கையைக் கழுவுவதில் அன்றைய அறுவை மருத்துவர்களுக்கு இருந்த பெருமையை நினைத்துப் பார்த்தால், அடி எங்கே விழுந்தது என்று புரியும்.

அதே மாநாட்டில் இன்னொரு மேடையில் இத்தாலிய உடற்கூறியலாளர் மோர்கான்யியின் பெருமையைப் பற்றி ஒருவர் உரையாற்றினார். எழுபதைத் தாண்டிவிட்ட ஃபிர்க்கோ. விதியை எழுதியவரும், அந்த விதியின் பெயரால் நடந்ததைச் சபித்தவரும் ஒரே ஊரில், ஒரே கூட்டத்தில்.

ஜேக்கபியின் பேச்சு பலித்தது. ஓரிரு ஆண்டுகளில் அறுவை ஓய்ந்தது. அவர் செய்தது சரி. அன்று அதைவிட மெதுவாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அதன் நிழல் தப்பான இடத்திலும் விழுந்தது. சிறுதலைக் குழந்தைகளோடு சேர்த்து, உண்மையிலேயே தையல் மூடிப் பிறந்த குழந்தைகளையும் அறுவை மருத்துவர்கள் கைவிட்டார்கள். கிரானியோசினோஸ்டோசிஸ் என்று இன்று நாம் சொல்லும் இந்தக் குறை ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பிறப்புகளில் ஒன்றில் வருவது. இங்கே மூளைக்கு ஒரு கோளாறும் இல்லை. அது வளரத் துடிக்கிறது, இடம்தான் இல்லை. பல தையல்கள் ஒன்றாக மூடிய குழந்தைகளில் தலைக்குள் அழுத்தம் ஏறி, கண் நரம்பு வீங்கி, பிறகு சுருங்கி, பார்வை போகும். கோபுரத் தலையும் குருட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதைக் கண் மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். லான்லோங்கின் பட்டை யாருக்குப் பயன்பட்டிருக்குமோ, அவர்கள் பக்கம் முப்பது ஆண்டுகள் அநேகமாக யாரும் கத்தியோடு போகவில்லை.

இரண்டு வகைக் குழந்தைகளையும் பிரித்தறிய அன்று கண்ணும் விரலும்தான் கருவி என்பதையும் மறக்கக் கூடாது. ஜேக்கபி ரோமில் பேசியது 1894 வசந்தத்தில். ரான்ட்கன் வுர்ட்ஸ்பர்க்கில் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். ஃபிர்க்கோ மண்டையோடுகளை அளந்த அதே பல்கலைக்கழகம்! உயிரோடு இருக்கும் குழந்தையின் தையல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று படத்தில் பார்க்கும் வழி, சண்டை முடிந்த பிறகுதான் வந்தது.

மறுபடி கத்தியை எடுத்தவர்கள் அவசரப்படவில்லை. 1921இல் ஜெர்மானியரான மேனர், தையலை விட்டு விலகி வெட்டாமல், மூடிப்போன தையலையே நீக்கினார். 1927இல் ஹெரால்ட் ஃபேபர், எட்வர்ட் டவுன் என்ற இருவர், ஒருவர் குழந்தை மருத்துவர், மற்றவர் அறுவை மருத்துவர், ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் வாதம் புதிது: பார்வை மங்கிய பிறகு காப்பாற்றப் பார்க்காதீர்கள், முதல் சில மாதங்களிலேயே, மூளை வேகமாக வளரும்போதே, மூடிய தையலை நீக்கிவிடுங்கள், தலையைச் சீர்செய்யும் வேலையை மூளை தானே பார்த்துக்கொள்ளும். அறுவையை மருந்தாக இல்லாமல் தடுப்பாக வைத்த யோசனை அது. 1943இல் அதே குழந்தைகள் வளர்ந்த பிறகு எப்படி இருக்கிறார்கள் என்றும் எழுதினார்கள். 1890களின் ஆட்கள் செய்யாமல் விட்டது இதைத்தான். இவர்கள் வேலை பார்த்தது சான் பிரான்சிஸ்கோவில், ஸ்டான்ஃபோர்டு மருத்துவப் பள்ளியில். 1908இல் ஸ்டான்ஃபோர்டு எடுத்துக்கொள்ளும்வரை அந்தப் பள்ளிக்குப் பெயர் கூப்பர் மருத்துவக் கல்லூரி. ஆம், லேன் கட்டியது.

அதன் பிறகு எதிரி மாறினான். கைக்குழந்தையின் மூளையுறை அபாரமாக எலும்பு உண்டாக்கும். வெட்டிய இடைவெளி சில மாதங்களில் மறுபடி கூடிவிடும். 1940களில் டாண்டலம் தகடு வைத்துப் பார்த்தார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஃபிராங்க் இங்ரஹாமும் டொனால்ட் மேட்சனும் எலும்பின் ஓரங்களைப் பாலிதீன் தாளால் மடித்து மூடினார்கள். 1968இல் அதே மருத்துவமனை 519 குழந்தைகளின் அறுவைகளைத் தொகுத்து வெளியிட்டது. மரணம் மிக அரிதாகியிருந்தது. ஜேக்கபியின் 33 பேரை இதனோடு வைத்துப் பார்க்கலாம். இரத்தம் ஏற்றுவதும் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பதும் தனிக் கலையாக வளர்ந்ததற்கு இதில் பாதிப் புண்ணியம் சேரும்.

சிறுதலைக் குழந்தைகள்? அவர்களுக்கு அறுவையில் இன்றும் பதில் இல்லை. மரபணுக் கோளாறோ கர்ப்பகாலத் தொற்றோ மூளையின் வளர்ச்சியையே நிறுத்தியிருக்கும்போது எலும்பை வெட்டி ஆவதென்ன? 2015–16இல் பிரேசிலில் ஜிகா வைரஸ் பரவியபோது பிறந்த குழந்தைகளில் சிலருக்கு உள்ளே மூளை சிறுத்துப்போனதால் மண்டையோடே மடங்கி ஒடுங்கியிருந்தது. எது எதைத் தள்ளுகிறது என்ற கேள்விக்கு அதைவிடக் கொடூரமான பதில் இருக்க முடியாது.

பட்டை வெட்டும் முறைக்கும் ஓர் எல்லை இருந்தது. 1906இல் அபேரும் 1912இல் க்ரூஸோனும் பாரிஸில் விவரித்த குழந்தைகளுக்கு உச்சித் தையல்கள் மட்டுமல்ல, முகத்தின் எலும்புகளும் வளர மறுத்தன. கன்னமும் மேல்தாடையும் உள்வாங்கி, கண்கள் குழியில் நிற்காமல் பிதுங்கின. மண்டையைத் திறந்தாலும் முகம் அப்படியே இருந்தது. 1942இல் இங்கிலாந்தில் ஹெரால்ட் கில்லிஸ் ஒரே ஒருமுறை முக எலும்புகளை மொத்தமாக வெட்டி முன்னே இழுத்துப் பார்த்துவிட்டு, இனி வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அதை மறுபடி கையில் எடுத்தவர் நாந்து நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த போல் தெசியே. பாரிஸின் விளிம்பில் ஃபோஷ் மருத்துவமனையில் வேலை. ஆனால் பாரிஸில் சடலங்களை அறுத்துப் பழக அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மாலையில் வேலை முடிந்ததும் நாந்துக்கு ரயில் ஏறி, அங்கே இரவில் அறுத்துப் பழகிவிட்டுத் திரும்புவார். கண்குழியை நெருங்கக் கீழிருந்து மட்டும் போனால் போதாது, மேலே மண்டைக்குள்ளிருந்தும் போக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தபோது, பக்கத்து அறை நரம்பு அறுவை மருத்துவர் ஜெரார் கியோவிடம் இது நடக்குமா என்று கேட்டார். ஏன் நடக்காது என்றார் கியோ. அவர்கள் செய்து பார்த்ததை 1967இல் தெசியே ஒரு சர்வதேச மாநாட்டில் படங்களோடு காட்டினார். அந்த மாநாடும் ரோமில்தான். அந்த நாந்து ரயிலில் இருந்து அடுத்த பகுதி.